பிள்ளையாருக்கு நேர்ந்த கன்று

அந்த வெள்ளிக்கிழமை காலை கடையின் இரும்புக் கதவை மேலே தள்ளிவிட்டுத் திரும்பினால், என் ஸ்கூட்டியின் கைபிடியை ஒருவர் சூப்பிக்கொண்டு நிற்கிறார்.

செம்மண் நிறத்தில் ஒரு நாம்பன், அதாவது காளைக் கன்று. நெற்றியில் குங்குமம், முதுகில் சந்தனம், கழுத்தில் வாடிப்போன செவ்வரத்தம்பூ மாலை. கயிற்றின் மறுமுனை தரையில் இழுபட்டுக் கிடந்தது. கறுப்பு றப்பர் பிடி முழுவதும் அதன் வாய்க்குள் போயிருந்தது. கண்ணை மூடிக்கொண்டு, தலையால் இடித்து இடித்துச் சூப்பியது. மடியில் பால் இறங்காவிட்டால் கன்றுகள் அப்படித்தான் இடிக்கும். ஸ்கூட்டியில் எங்கே பால் இறங்குகிறது?

கையை நீட்டினேன். பிடியை விட்டுவிட்டு என் விரல்களைப் பிடித்துக்கொண்டது. நாக்கு சூடாகவும் சொரசொரப்பாகவும் இருந்தது. கையை இழுத்தபோது ஒரு சத்தம் போட்டது பாருங்கள், அதை எழுத்தில் எழுத எனக்குத் தெரியவில்லை.

பண்டத்தரிப்புக்குப் பக்கத்தில், ஒரு பிள்ளையார் கோயிலுக்கு நேரெதிரே என் கடை. போட்டோக்கொப்பி, லமினேற்றிங், பாஸ்போட் படம், விசா விண்ணப்பம் நிரப்புதல். கோயிலில் நடப்பது எதுவும் என் கண்ணுக்குத் தப்பாது. கண்ணுக்குத் தப்பாதது வாய்க்கும் தப்பாது என்று என் கணவர் சொல்வார்.

கன்றைப் பிடித்துக்கொண்டு வீதியைக் கடந்தேன். தேர் நிறுத்துகிற தேர்முட்டியடியில் கோயில் தலைவர் செல்வரத்தினம் அண்ணை சால்வையை இடுப்பில் சுற்றியபடி நின்றார்.

"கயிறு அவிண்டிட்டுதோ? நேற்றுப் பின்னேரம் கொண்டு வந்து விட்டவை. நேர்த்திக் கண்டு" என்றார்.

"ஆர் விட்டது?"

"நேர்ந்த ஆக்களின்ரை பேர் உமக்கென்னத்துக்கு, வசந்தி? நீர் போய்க் கடையைத் திறவும்."

"உது இன்னும் பால் குடிக்கிற கண்டு, அண்ணை."

"பிள்ளையார் பாப்பார்" என்றார். காலையில் முதல் முதலாக எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது அப்போதுதான்.

ஏன் எப்போதும் நாம்பன்?

எங்கள் பக்கத்தில் நேர்த்தி வைப்பது சாதாரண விசயம். காய்ச்சல் மாறினால் தேங்காய் உடைக்கிறேன் என்று நேர்வோம். விசா கிடைத்தால் ஒருநாள் திருவிழாச் செய்கிறேன் என்று நேர்வோம். பசு சுகமாகக் கன்று போட்டால் அந்தக் கன்றைக் கோயிலுக்கு விடுகிறேன் என்றும் நேர்வோம்.

மாடு கட்டி உழுத காலத்தில் ஒரு நாம்பனைக் கோயிலுக்குக் கொடுப்பதென்றால் அது பெரிய கொடை. கொடுப்பவர்களும் பால் மறந்து, தானாகப் புல் மேயத் தெரிந்த கன்றைத்தான் கொண்டுவந்து விடுவார்கள். இப்போது உழவுக்கு ட்ராக்டர். வீட்டில் நிற்பது கறவைப் பசு. நாகு, அதாவது பசுக் கன்று பிறந்தால் வீடே சிரிக்கும், நாளைக்கு அதுவும் பால் தரும். நாம்பன் பிறந்தால் அது குடிக்கிற ஒவ்வொரு வாய்ப் பாலும் கண்ணை உறுத்தும். அந்த நேரம் பார்த்துத்தான் பலருக்குப் பக்தி வரும்.

இத்தனை வருசத்தில் ஒரு நாகு கன்றைக்கூட யாரும் அந்தக் கோயிலுக்கு விட்டு நான் காணவில்லை. "பிள்ளையாருக்கு நாம்பன்தான் விருப்பம்போலை" என்று ஒருநாள் கோயில் வாசலிலேயே சொல்லிவிட்டேன். அன்றைக்கு என்னோடு கதையை நிறுத்தியவர்களில் சிலர் இன்னும் கதைப்பதில்லை.

அப்படி விடப்பட்ட கன்றுகளுக்கு என்ன நடக்கும்? மடப்பள்ளிக்குப் பின்னால் நிற்கும். தாக்குப்பிடித்தால் வளர்ந்தபின் ஏலத்தில் போகும். தாக்குப்பிடிக்காததைக் கோயில் காணியின் மூலையில் தாட்டுப் புதைப்பார்கள். யாரும் அடிப்பதில்லை, யாரும் ஏசுவதில்லை. திருநீறு பூசி, மாலை போட்டு, பட்டினி போடுவோம். இதைக் கொடுமை என்று சொன்னால் எங்கள் சனத்துக்கு உண்மையாகவே விளங்காது. கொடுமை என்றால் கையில் பொல்லு இருக்க வேண்டும் என்று நினைக்கிறார்கள்.

கோழிகளைக் காலில் கட்டி மோட்டச்சைக்கிளில் தலைகீழாகத் தொங்கவிட்டுக்கொண்டு போவதைப் பற்றி முன்பு பத்திரிகையில் வரும் என்னுடைய இந்தத் தொடரில் எழுதியிருந்தேன். அதை வாசித்த ஒருவர் தொலைபேசி எடுத்தார். "அக்கா, உங்களுக்கு வாயிருக்கு, சண்டை பிடிக்கிறியள். எங்களைப் போலை சாதாரண சனம் என்ன செய்யிறது?" என்று கேட்டார்.

தம்பி, நானும் போட்டோக்கொப்பி அடிக்கிற சனம்தான். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: கண்டதைக் காணாத மாதிரிப் போகாமல் அந்த இடத்தில் நிற்க வேண்டும். நின்றால், அடுத்தது என்ன செய்வதென்று தெரியாமல் முழிப்போம். முழிப்பதும் பரவாயில்லை. முழித்துக்கொண்டு நிற்கிற ஒருவரைக் கண்டால் இன்னொருவர் வந்து என்ன விசயம் என்று கேட்பார். கோழி விசயத்திலும் அப்படித்தான் நடந்தது. கூடை கொண்டுவந்தால் விலையில் கொஞ்சம் குறைக்கிறேன் என்று கோழி விற்கிறவரே பிறகு சொன்னார். நான் சொன்னதைக் கேட்டு அல்ல. பக்கத்தில் நின்று என்னை வேடிக்கை பார்த்த ஒரு மனுசி சொன்னதைக் கேட்டு.

மூன்று வரி அறிவித்தல்

கன்றிடம் வருவோம்.

கடையில் கணினி இருக்கிறது, மை இருக்கிறது, பிறகென்ன. பெரிய எழுத்தில் ஓர் அறிவித்தல் அடித்தேன். "இந்தக் கன்று பசியோடு நிற்கிறது. பால்குடிக் கன்றைத் தாயிடமிருந்து பிரிப்பது பாவம். தயவுசெய்து பால் மறந்தபின் கொண்டு வாருங்கள்." லமினேற் பண்ணி, கன்றைக் கட்டியிருந்த தேர்முட்டித் தூணில் கட்டினேன். செல்வரத்தினம் அண்ணை கண்டும் காணாத மாதிரி இருந்தார்.

நான் எழுதியது மூன்று வரி. சனம் வாசித்தது முதல் வரி.

கன்று பசியோடு நிற்கிறதாம். அவ்வளவுதான், ஊர் இரங்கிவிட்டது. மத்தியானப் பூசை முடிந்து வெளியே வந்தவர்கள் கையில் இருந்த சர்க்கரைப் பொங்கல் புக்கையை அப்படியே கன்றின் வாயில் தீத்தினார்கள். ஒருவர் மோதகம். ஒருவர் கதலி வாழைப்பழம், தோலோடு. ஒருவர் பஞ்சாமிர்தத்தை உள்ளங்கையில் ஏந்தி நக்கக் கொடுத்தார். பசியில் நின்ற கன்று ஒன்றையும் வேண்டாமென்று சொல்லவில்லை. போகிறவர்கள் எல்லோரும் அதன் நெற்றியில் ஒரு பொட்டும் வைத்துவிட்டுப் போனார்கள்.

கடையில் அன்று ஒரே கூட்டம். தலையை நிமிர்த்தி வெளியே பார்த்தபோது நேரம் போய்விட்டது. ஓடிப்போய், "உதுக்கு உதெல்லாம் தீத்தாதேங்கோ" என்று கத்தினேன். ஓர் அம்மா என்னைப் பார்த்து, "பிள்ளை, நீர்தானே பசிக்குது எண்டு எழுதி வைச்சிருக்கிறீர்" என்றார்.

அடுத்த நாள் காலை கன்று படுத்துக் கிடந்தது. பின்னங்காலெல்லாம் கழிச்சல். இலையான் மொய்த்தது. நான் கிட்டப் போனபோது எழும்பப் பார்த்து, முடியாமல் மறுபடி படுத்தது.

மாட்டு டொக்டருக்குத் தொலைபேசி எடுத்தேன். நெல்லியடிப் பக்கத்துப் பிள்ளை, வேலைக்கு வந்து அதிக காலம் ஆகவில்லை. அன்று அவளுக்கு விடுமுறை. ஆனாலும் மோட்டச்சைக்கிளில் வந்து இறங்கினாள். வயிற்றை அமுக்கிப் பார்த்தாள், கண் இமையை இழுத்துப் பார்த்தாள்.

"அன்ரி, உதுக்கு ஆர் புக்கை தீத்தினது?"

"ஊர் முழுக்க."

"இதின்ரை வயித்துக்கு உது சமிக்காது. பாலைத் தவிர ஒண்டும் குடுக்கக்கூடாது" என்றாள். ஊசி போட்டாள். உப்பும் சீனியும் கலந்த தண்ணீரைப் பருக்கச் சொல்லிக் காட்டித் தந்தாள். "போத்தல் பாலும் குடுத்துப் பாருங்கோ. ஆனால் அன்ரி, நான் பொய் சொல்லேல்லை. தாயட்டைக் கொண்டுபோய் விட்டால் தப்பும். இல்லாட்டி ஒண்டும் சொல்லேலாது."

சுற்றி நின்றவர்களை அவள் ஒருமுறை பார்த்தாள். எல்லோரும் தேர்முட்டியின் கூரையைப் பார்த்தார்கள். கன்று யாருடையது என்று யாரும் வாய் திறக்கவில்லை. சந்தியில் ஓட்டோ ஓடுகிற பெடியள் மட்டும் ஒரு பழைய தறப்பாளைக் கொண்டுவந்து கன்றுக்கு மேலே வெயில் படாமல் கட்டினார்கள். கேட்டுச் செய்யவில்லை, தாங்களாகவே செய்தார்கள்.

என் கணவர் பால் கரைத்துப் போத்தலில் கொண்டுவந்தார். "எனக்கு ஒருநாளாவது இப்பிடி இளஞ்சூடாப் பார்த்துத் தந்திருக்கிறீரோ?" என்று கேட்டுக்கொண்டேதான் தந்தார். கன்று முகத்தைத் திருப்பியது. ஸ்கூட்டியின் கைபிடியை அப்படிச் சூப்பிய கன்றுக்கு இப்போது போத்தல் வேண்டாமாம். வலுக்கட்டாயமாக வாய்க்குள் விட்ட பாலும் கடைவாயால் வழிந்தது.

செல்வரத்தினம் அண்ணை கொஞ்சத் தூரத்தில் நின்று பார்த்தார். பிறகு கிட்ட வந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "புஸ்பத்தின்ரை கண்டு."

புஸ்பமக்காவின் கொட்டில்

புஸ்பமக்கா பள்ளிக்கூடத்தில் எனக்கு இரண்டு வகுப்பு மேல். வீடு இரண்டு ஒழுங்கை தள்ளி. சண்டை பிடிக்கத்தான் போனேன், அதை மறைக்க என்ன இருக்கிறது? என்னென்ன கேட்பதென்று வழி முழுக்கச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன்.

படலையைத் திறந்த சத்தத்துக்கு முதலில் திரும்பியது மாடுதான். கொட்டிலில் நின்றபடி படலைப் பக்கம் பார்த்துக் கத்தியது. என்னைக் கண்டதும் நிறுத்திவிட்டது. மடி கல்லாய் வீங்கியிருந்தது.

புஸ்பமக்கா கிணற்றடியில் இருந்து வந்தார். கண்கள் உள்ளே போயிருந்தன.

"நீ ஏன் வந்தனி எண்டு தெரியும், வசந்தி. சத்தம் போடாதை. அவர் இப்பதான் கண் அயர்ந்தவர்."

நான் குரலைக் குறைத்துக்கொண்டு, "உங்களுக்கு மனச்சாட்சி இல்லையோ, அக்கா?" என்றேன். சொல்லிப் பார்த்ததில் அதுதான் முதல் வசனம். மற்றவற்றைச் சொல்ல அவர் விடவில்லை.

"இவருக்கு நெஞ்சைத் திறந்து ஒப்பரேசன் செய்யேக்கை நான் ஆஸ்பத்திரி வாங்கிலை இருந்து நேர்ந்தனான். மாடு அப்ப சினை. மனுசனை உயிரோடை தா பிள்ளையாரே, பிறக்கிற கண்டைத் தீட்டுக் கழிஞ்ச உடனை உனக்குக் கொண்டுவந்து தாறன் எண்டு. நாகோ நாம்பனோ எண்டுகூட அப்ப நினைக்கேல்லை."

நாம்பன் பிறந்தால்தான் பக்தி வரும் என்று ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்தவள் நான். இங்கே ஒருத்தி, பிறக்க முதலே நேர்ந்திருக்கிறாள்.

"கொஞ்சம் வளர்ந்த பிறகு குடுத்திருக்கலாமே" என்றேன்.

"வாயாலை சொன்னதை மாத்திறதோ? நான் கேட்டதைப் பிள்ளையார் தந்திட்டார். நான் சொன்னதைச் செய்யாமல் விட்டு, இவருக்கு நாளைக்கு ஏதும் ஒண்டு நடந்தால்? நீ வந்து பதில் சொல்லுவியோ?"

எனக்கு நேர்த்தியில் நம்பிக்கை குறைவு. ஆனால் அந்த ஆஸ்பத்திரி வாங்குப் பலகையில் நான் இருந்ததில்லையே. இருந்திருந்தால் நான் மாட்டையும் கடையையும் சேர்த்து நேர்ந்திருப்பேனோ, யாருக்குத் தெரியும்?

"மாடு பாலை அடக்குது. கண்டு முட்டாமல் சுரக்கமாட்டன் எண்டு நிக்குது. கையைக் கொண்டுபோனால் உதைக்குது. விடிய விடியக் கத்துது. நான் மட்டும் சுகமா இருக்கிறன் எண்டு நினைக்கிறியோ?" என்றார்.

"அக்கா, கண்டு சாகப் போகுது."

வேறு எப்படிச் சொல்வதென்று தெரியாமல் அப்படியே சொன்னேன். அவர் கொட்டில் வாசலில், சாணி கிடந்த தரையிலேயே இருந்துவிட்டார். மாடு குனிந்து அவருடைய தலைமயிரை முகர்ந்தது.

பிறகு எழும்பினார். "பிள்ளையாரைக் கேப்பம். பூக்கட்டிப் பாப்பம். கொண்டு போ எண்டு அவர் சொன்னால் இப்பவே கொண்டு வாறன். மாட்டன் எண்டு சொன்னால் பிறகு என்னட்டை ஒண்டும் கேக்காதை."

சிவப்பும் வெள்ளையும்

பூக்கட்டிப் பார்ப்பதை அறியாதவர்களுக்கு: ஒரு வெள்ளைப் பூவையும் ஒரு சிவப்புப் பூவையும் தனித்தனியே இலைத்துண்டில் சுற்றி, சாமியின் காலடியில் வைத்துப் பூசை செய்வார்கள். எது எதற்குள் இருக்கிறதென்று தெரியாமல் ஒன்றை எடுக்க வேண்டும். கலியாணம், காணி, வெளிநாட்டுப் பயணம் எல்லாம் எங்கள் ஊரில் இப்படித் தீர்ந்திருக்கின்றன. வெள்ளை வந்தால் கன்றை வீட்டுக்குக் கொண்டுபோகலாம், சிவப்பு வந்தால் கன்று கோயிலில்தான் நிற்க வேண்டும் என்று பேச்சு.

செல்வரத்தினம் அண்ணை சம்மதித்தார். "பிள்ளையார் சொன்னால் எனக்கு மறுப்பில்லை. குடுத்த பொருளை நானாத் திருப்பிக் குடுக்கேலாது. நாளைக்கு ஆளாளுக்கு வந்து உண்டியலையும் திறக்கச் சொல்லுவினம்."

ஐயர் நந்தியாவட்டையை ஓர் இலையிலும் செவ்வரத்தம்பூவை ஓர் இலையிலும் சுற்றினார். இரண்டிலும் வெள்ளையையே சுற்றினால் என்ன குறைந்துவிடும் என்று நினைத்து ஐயரின் முகத்தைப் பார்த்தேன். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை.

கற்பூரம் காட்டி முடிந்தது. புஸ்பமக்கா கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டினார். ஒன்றை எடுத்து, நூலை அவிழ்த்து, இலையைப் பிரித்தார்.

சிவப்பு.

எனக்குப் பிள்ளையாரில் வந்த கோபத்தை இங்கே எழுத முடியாது, எழுதினாலும் ஆசிரியர் வெட்டிவிடுவார். புஸ்பமக்கா அந்தப் பூவைக் கைக்குள் வைத்துப் பொத்திக்கொண்டார். பிள்ளையாரைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றார். பிறகு வெளியே போய்விட்டார்.

"விடும் பிள்ளை. எங்களாலை ஏலுமானதைச் செய்தாச்சு" என்றார் செல்வரத்தினம் அண்ணை.

"நீங்கள் என்ன செய்தனீங்கள், அண்ணை?" என்று கேட்டுவிட்டேன். அவர் சால்வையைச் சரிசெய்தார்.

மேற்கு வீதியில்

தறப்பாளின் கீழே போய்க் கன்றுக்குப் பக்கத்தில் இருந்தேன். வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. கன்றின் மூக்கு காய்ந்திருந்தது. துணியை நனைத்துத் துடைத்தேன். போத்தலை வாயில் வைத்தேன். நாக்குக்கூட அசையவில்லை. கடையில் யாரோ "அக்கா, ஒரு கொப்பி" என்று கூப்பிட்டார்கள். பிறகு வாருங்கள் என்று கையைக் காட்டினேன். எனக்கு அழுகை வந்தது. கோபத்தில் வந்ததா துக்கத்தில் வந்ததா என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை.

அப்போது ஒழுங்கைப் பக்கம் இருந்து ஒரு மாடு கத்துவது கேட்டது.

கன்றின் காது அசைந்தது.

மாடு மறுபடி கத்தியது, இந்தமுறை கிட்ட. கன்று தலையைத் தூக்கியது. அதுவரை தூக்க முடியாமல் கிடந்த தலை. தொண்டையில் இருந்து ஒரு மெல்லிய சத்தம் வந்தது.

புஸ்பமக்கா கோயிலின் மேற்கு வீதியில் வந்துகொண்டிருந்தார். கையில் மாட்டுக் கயிறு. அவர் மாட்டைக் கூட்டி வருகிறாரா, மாடு அவரை இழுத்து வருகிறதா என்று சொல்ல முடியாது, அப்படி ஓட்டமும் நடையுமாக இருவரும் வந்தார்கள். வழி முழுக்க மாட்டின் மடியில் இருந்து பால் சொட்டிக்கொண்டு வந்தது. கறக்கப் போனால் அடக்கிய பால் அது.

செல்வரத்தினம் அண்ணை குறுக்கே போனார். "இதென்ன புஸ்பம்? மாட்டை ஏன் கோயில் வீதிக்குக் கொண்டு வாறீர்? மாட்டையும் நேரப் போறீரோ?"

"இல்லை அண்ணை. மாடு என்ரை. கண்டு பிள்ளையாரின்ரை. கண்டு இங்கைதான் நிக்கவேணும் எண்டு அவர் சொல்லிப்போட்டார். நிக்கட்டும், நான் மறுக்கேல்லை. தாய் வந்து பால் குடுக்கக்கூடாது எண்டு அவர் சொல்லேல்லையே."

"உப்பிடியொரு வழக்கம் இங்கை இல்லைப் புஸ்பம்."

"நான் கண்டைத்தான் நேர்ந்தனான், அண்ணை. அதின்ரை பசியை நேரேல்லை."

செல்வரத்தினம் அண்ணை விலகி வழிவிட்டார்.

மாடு தறப்பாளுக்குள் தலையை நீட்டிக் கன்றை முகர்ந்தது. முகர்ந்துவிட்டுப் பின்வாங்கியது. தும்மியது. சந்தனம், திருநீறு, கற்பூர வாசம், பஞ்சாமிர்தம். ஊரே சேர்ந்து பூசிய பக்தியில் தன் கன்றின் மணம் அதற்குப் பிடிபடவில்லை. இன்னொருமுறை முகர்ந்தது. ஓர் அடி பின்னால் வைத்தது.

"தண்ணி" என்றார் புஸ்பமக்கா.

வாளித் தண்ணீரை நான் ஊற்ற ஊற்ற, அவர் தன் சேலைத் தலைப்பால் கன்றின் நெற்றியைத் துடைத்தார், முதுகைத் துடைத்தார், மாலையை அறுத்து எறிந்தார். மாட்டின் மடியில் சொட்டிய பாலைக் கையில் ஏந்திக் கன்றின் முதுகில் தேய்த்தார். "உன்ரை பிள்ளையடி. பார். உன்ரை பிள்ளை" என்று மாட்டோடு கதைத்துக்கொண்டே செய்தார்.

மாடு மூன்றாந்தரம் குனிந்தது. முகர்ந்தது. நாக்கை நீட்டி, ஈரமான முதுகை ஒரு நக்கு நக்கியது. பிறகு நிறுத்தவே இல்லை. காது, கண், வால் என்று ஓரிடம் விடாமல் நக்கியது.

கன்றால் எழும்ப முடியவில்லை. நான் முன்பக்கம் தூக்கினேன். பின்பக்கம் யாரோ தூக்கினார்கள். பார்த்தால் செல்வரத்தினம் அண்ணை. கழிச்சல் அப்பிய கால்களை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். வெள்ளைச் சால்வை தரையில் கிடந்தது. அவர் அதைக் கவனிக்கவில்லை.

கன்றின் வாயை மடியில் கொண்டுபோய் வைத்தோம். முதலில் சும்மா வைத்திருந்தது. பிறகு ஒருமுறை உறிஞ்சியது. நிறுத்தியது. மறுபடி உறிஞ்சியது. கடைவாயில் நுரை வந்தது. கொஞ்ச நேரத்தில், சக்தி எங்கிருந்து வந்ததோ, தலையால் மடியை ஓர் இடி இடித்தது.

புஸ்பமக்கா வாய்விட்டு அழுதார். நானும் அழுதேன். "மெல்ல மெல்ல, பிரைக்கேறப் போகுது" என்று செல்வரத்தினம் அண்ணை கன்றுக்குப் புத்தி சொல்லிக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு

கன்று தப்பிவிட்டது. ஒரே நாளில் அல்ல. மாட்டு டொக்டர் பிள்ளை இன்னும் சில தடவை வந்து ஊசி போட்டாள். புஸ்பமக்கா காலையும் மாலையும் மாட்டைக் கூட்டி வந்தார். மழை நாளில் குடை பிடித்துக்கொண்டு வந்தார். முதலில் சிரித்த சனம் பிறகு புல்லும் தவிடும் கொண்டுவந்து வைத்தது. பூசை முடிந்து வருகிறவர்களிடம், "புக்கையை நீங்கள் சாப்பிடுங்கோ, கண்டுக்குத் தீத்தாதேங்கோ" என்று ஐயரே சொல்லத் தொடங்கினார்.

புஸ்பமக்காவின் கணவரும் தேறிவிட்டார். இப்போது சைக்கிளில் என் கடைக்கு வந்து, ஒரு கொப்பி அடிக்க அரை மணித்தியாலம் கதைத்துவிட்டுப் போகிறார்.

கோயில் சபை கூடிச் சட்டம் ஒன்றும் போடவில்லை. அப்படி எங்கள் ஊரில் ஒன்றும் நடப்பதில்லை. ஆனால் நேர்த்தி வைத்தவர்கள் தாங்களாகவே கணக்குப் பார்த்தார்கள். கன்றை இப்போதே விட்டால் தாயை இரண்டு நேரமும் இழுத்துக்கொண்டு போக வேண்டும், புஸ்பம் செய்தாளே, நாங்கள் செய்யாவிட்டால் ஊர் என்ன சொல்லும் என்று யோசித்தார்கள். அதைவிடப் பால் மறக்கும்வரை வீட்டிலேயே நிற்கட்டும் என்று முடிவெடுத்தார்கள். என் லமினேற் பண்ணிய அறிவித்தலால் முடியாத காரியம். அந்தத் தொலைபேசித் தம்பிக்கு நான் சொல்ல நினைத்த பதிலும் இதுதான். வாய் இருக்கத் தேவையில்லை. புஸ்பமக்கா அன்றைக்கு யாரையும் ஏசவில்லை.

அண்மையில் ஒருநாள் பின்னேரம், கோயில் வாசலில் ஓர் ஓட்டோ வந்து நின்றது. வேறு ஊர் ஆட்கள். பின் இருக்கையில் ஒரு சின்னக் கன்று, கால்கள் கட்டி, கழுத்தில் மாலை போட்டு. எனக்கு அந்தப் பழைய கோபம் மூக்கு நுனிக்கு வந்துவிட்டது. கையில் இருந்த கடதாசிகளை மேசையில் போட்டுவிட்டு வீதியைக் கடக்க வெளிக்கிட்டேன்.

அதற்குள் செல்வரத்தினம் அண்ணை படியால் இறங்கி வந்துவிட்டார். குனிந்து ஓட்டோவுக்குள் பார்த்தார். பிறகு ஓட்டோவின் பின்னால் போய், வீதியின் இரண்டு பக்கமும் எட்டிப் பார்த்தார்.

"தாய் எங்கை?" என்று கேட்டார். வந்தவருக்கு விளங்கவில்லை.

"ஐயா, இது பிள்ளையாருக்கு நேர்ந்த கண்டு."

"ஓம், விளங்குது. பால் குடிக்கிற கண்டெல்லோ, தாய் எங்கை?"

வந்தவர் கன்றைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். பிறகு குனிந்து, கன்றின் கால்கட்டை அவிழ்க்கத் தொடங்கினார். திரும்பி வீடு போய்ச் சேரும் வரைக்கும் அது கட்டில்லாமல் இருக்கட்டும் என்றார்.